முன்சென்றோரின் கற்களுக்கு முன்னால்

பாழடைந்த கோட்டையொன்றைக் கண்டவுடன் நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறோம். அல்லது, மார்க்கப் பற்றுள்ள குழுவாக இருந்தால், யாரேனும் ஒருவர் "அல்லாஹ் அழித்த கூட்டத்தின் அடையாளம்" என்று சொல்ல, மற்றவர்கள் தலையசைக்க, அத்துடன் அந்த இடத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. முதலாவது பழக்கத்தைக் கண்டித்து எழுதியவர்கள் பலர். இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது இறையச்சத்தின் தோற்றத்தில் வருவதால் அதைக் கேள்வி கேட்க நமக்குத் தயக்கம்.

அயர்லாந்தில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் மூன்று சேர்ந்து கடந்த கோடையில் அந்நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள இனிஷ் மோர் தீவுக்குச் சென்று, இரண்டு நாட்கள் மிதிவண்டியில் சுற்றி வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றி ஜும்ஆவுக்குப் பிறகு பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "இறைமறுப்பாளர்கள் கட்டிய பாழ்ங்கோட்டையைப் பார்க்கப் பணம் செலவழித்துப் போக வேண்டுமா? நபிகளார் (ஸல்) அவர்கள் இத்தகைய இடங்களை விரைந்து கடந்து செல்லவில்லையா?" கேள்வி நல்ல எண்ணத்தில் எழுந்தது, எனவே விரிவான பதிலுக்கு உரியது. ஆயினும் பதிலுக்கு முன் அந்தத் தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த இடம் என்று தெரியாமல் அதன்மீது தீர்ப்புச் சொல்வதுதான் இங்கே நாம் மறுக்க விரும்பும் பழக்கமே.

ஆரன் தீவுகள் மூன்று. அவற்றுள் பெரியது இனிஷ் மோர். 'பெரிய தீவு' என்பதே அப்பெயரின் பொருள். நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அகலம் எங்கும் 4 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏறத்தாழ 800 பேர் வாழ்கிறார்கள். கால்வே நகருக்கு மேற்கேயுள்ள ரோசவீல் துறையிலிருந்து படகில் 40 நிமிடப் பயணம். அந்தப் படகுகள் ஆட்களை மட்டுமே ஏற்றுகின்றன. நம் காரைக் கரையிலேயே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். இறங்கும் இடமான கில்ரோனனில், துறையை ஒட்டியே மிதிவண்டிகள் வாடகைக்கு வரிசையாக நிற்கின்றன. அவசரமாகப் பார்த்துத் திரும்புவோருக்குச் சிற்றுந்துகளும் குதிரை வண்டிகளும் உண்டு. சிற்றுந்தில் ஏறியவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் 'எல்லாவற்றையும்' பார்த்துவிட்டுத் துறைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மிதிவண்டியில் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. முதல் பத்து நிமிடத்திலேயே காற்று யார் என்பதைக் காட்டிவிடுகிறது. அட்லாண்டிக் காற்றுக்குக் குறுக்கே நிற்க அங்கே மரங்கள் இல்லை. கில்ரோனனிலிருந்து தீவின் மேற்கு முனை நோக்கி மிதிக்கும்போது அது நெஞ்சிலும் இடத் தோளிலும் மாறிமாறி அறைகிறது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகரும் என்ற நிலை. பிள்ளைகள் காற்றைத் திட்டத் தொடங்கினார்கள். காற்றை ஏசக் கூடாது, அதன் நன்மையைக் கேட்டு அதன் தீங்கிலிருந்து பாதுகாவல் தேட வேண்டும் என்ற நபிமொழியை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். படித்ததைக் கடைப்பிடிக்க வேண்டிய வாய்ப்பு நகரத்து வாழ்வில் நமக்கு அரிதாகவே வாய்க்கிறது. மூடிய கண்ணாடிக்குள் இருப்பவரைக் காற்று என்ன செய்துவிடும்?

எங்கள் குழுவில் பெண்களும் மிதிவண்டி ஓட்டினார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம், அதைப் பற்றியும் முணுமுணுப்பு எழுந்ததால். முழு ஆடை, காற்றில் பறக்காதபடி குத்திய முக்காடு, அதன்மேல் தலைக்கவசம். இதில் குறை காண எங்களுக்கு ஒன்றும் தென்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அப்போது எழுந்த ஏளனப் பேச்சுகளை இன்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அந்தப் பெண்கள் மட்டும் மிதிவண்டியை மறக்கவில்லை.

சாலையின் இருபுறமும் கற்சுவர்கள். இதைப் படங்களில் பார்த்தவருக்கும் நேரில் பார்ப்பது வேறு. மார்பளவு உயரம், காரை இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்மேல் கல் வைத்ததுதான். கற்களுக்கிடையே வெளிச்சம் தெரிகிறது. அது கைக்குறை அன்று. காற்று அந்தச் சந்துகளில் புகுந்து வலுவிழந்து வெளியேறுகிறது. அடைத்துக் கட்டியிருந்தால் ஒரு பனிக்காலப் புயலுக்கே சாய்ந்துவிடும். மூன்று தீவுகளிலும் இத்தகைய சுவர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பல வயல்களுக்குக் கதவு கிடையாது. மாட்டை உள்ளே விட வேண்டுமானால் சுவரின் ஓரிடத்தில் கற்களை எடுத்து வழி செய்வார்கள். மாடு போனபின் அந்தக் கற்களையே அடுக்கி மூடிவிடுவார்கள். அந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், அங்கு மட்டும் கற்கள் சற்று வேறுவிதமாக நிற்கும்.

சுவர்களுக்குள்ளே இருக்கும் மண்தான் இன்னும் பெரிய செய்தி. இனிஷ் மோர் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பல இடங்களில் தரை என்பது வெறும் கற்பரப்பே. குறுக்கும் நெடுக்குமாக ஆழமான பிளவுகள். அந்தப் பாறையின் மேல் உழவு செய்ய நினைத்தவர்கள், பிளவுகளைச் சிறு கற்களால் அடைத்தார்கள். கடற்கரையிலிருந்து மணலையும் கடற்பாசியையும் கூடைகளில் சுமந்து வந்து அடுக்கடுக்காகப் பரப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் அது மக்கி மண்ணானது. அதில் உருளைக்கிழங்கு விளைந்தது. மண்ணில் வேளாண்மை செய்தவர்களை உலகெங்கும் காணலாம். மண்ணையே செய்து வேளாண்மை செய்தவர்கள் இவர்கள். (கடற்பாசி என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நோன்புக்கால இனிப்பு நினைவுக்கு வந்தது. அவர்கள் சொன்னது பிழையன்று. அயர்லாந்தின் மேற்குக் கரையோரங்களிலும் கரகீன் என்னும் பாசியைப் பாலில் காய்ச்சி, உறையவைத்து இனிப்பாக உண்பது பழைய வழக்கம்.)

திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் முற்காலத்து மக்களைப் பற்றிப் பேசும் ஓரிடம் உண்டு. பூமியில் பயணம் செய்து அவர்களின் முடிவைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கும் அந்த வசனம், அவர்கள் நிலத்தைப் பண்படுத்தியவர்கள், இவர்களைவிட அதிகமாக அதை வளப்படுத்தியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நம் சொற்பொழிவுகளில் முதல் பாதி திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இரண்டாவது செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. உழைப்பை வசனமே எடுத்துச் சொல்லியிருக்க, நாம் ஏன் அதைக் காண மறுக்கிறோம்?

அல்அன்கபூத் அத்தியாயத்தில் பயணக் கட்டளை இன்னொரு நோக்கத்துடன் வருகிறது. அங்கே பார்க்கச் சொல்லப்படுவது அழிவை அன்று; இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதை. இனிஷ் மோரில் இந்தக் கட்டளையை நிறைவேற்ற மிதிவண்டியை விட்டு இறங்கிக் குனிந்தால் போதும். அந்தப் பாறை ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. பவளங்களின், சிப்பிகளின் உருவங்கள் காலுக்குக் கீழே கல்லாகிக் கிடக்கின்றன. எங்கள் குழுவின் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அவற்றை எண்ணத் தொடங்கி நூறுக்குப் பிறகு விட்டுவிட்டான். இடையிடையே, அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குச் சற்றும் தொடர்பில்லாத கருங்கல் உருண்டைகள் நிற்கின்றன. அவை வடக்கே கடலுக்கு அப்பால் கொனமாராவிலிருந்து பனிப்பாறைகள் இழுத்து வந்து, உருகியபோது விட்டுச் சென்றவை. சிற்றுந்தின் சன்னலிலிருந்து பார்த்தால் இரண்டும் 'கல்'தான்.

டூன் ஏங்கஸ் கோட்டைக்குக் கில்ரோனனிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அடிவாரத்தில் மிதிவண்டிகளை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் கரடுமுரடான கற்பாதையில் ஏற்ற நடை. கோட்டையை நெருங்கும்போது எதிர்ப்படுவது சுவர்கள் மட்டும் அன்று. ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நட்டு வைக்கப்பட்ட கூரிய கற்களின் வளையம். பகை கொண்டு வருபவர் ஓட முடியாது. மெல்ல நடக்கவே தடுமாற வேண்டும். அதைக் கடந்தால் வளைந்து செல்லும் மதில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. உள்மதிலின் குள்ளமான வாயிலில் நுழைந்தால் திறந்த வெளி. அதன் மறுபக்கம் மதில் இல்லை, கைப்பிடி இல்லை. தரை திடீரென முடிந்துபோகிறது. ஏறத்தாழ 90 மீட்டர் கீழே அட்லாண்டிக் கடல் பாறையில் மோதிக்கொண்டிருக்கிறது. காற்று பலமாக வீசும் நாளில் அங்கே நின்றுகொண்டு பார்ப்பது அறிவுடைமை அன்று. எல்லோரும் வயிற்றால் படுத்து, தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிறார்கள். செல்வர், ஏழை, பேராசிரியர், சிறுவன் என்ற வேறுபாடு அந்த விளிம்பில் இல்லை.

கட்டியவர் யார்? 1990களில் நடந்த அகழாய்வு, அந்தக் குன்றின்மேல் கி.மு. 1100 அளவிலேயே மதில் எழுந்ததைக் காட்டியது. வெண்கல ஆயுதங்களை வார்க்கப் பயன்பட்ட களிமண் அச்சுகள் கிடைத்தன. ஆட்டு எலும்புகளும், பாறையில் ஒட்டி வாழும் சிறு சிப்பி வகைகளின் ஓடுகளும் குவியலாகக் கிடைத்தன. பிற்காலத்தார் மதில்களைப் பெரிதாக்கினார்கள். 1880களில் அரசு அவற்றைப் பழுதுபார்த்தது. இவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்தது. ஏங்கஸ் என்ற பெயர் கதைகளிலிருந்து வந்து சேர்ந்தது. உள்ளே விளிம்பை ஒட்டி ஒரு சதுரக் கல்மேடை இருக்கிறது. அதில் என்ன நடந்தது? சடங்கா, சபையா? அறிஞர்கள் ஒருமித்த பதில் சொல்லவில்லை. கோட்டையின் ஒரு பகுதி கடலில் சரிந்து போயிருக்கலாம் என்போரும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜார்ஜ் பெட்ரி இதைக் கண்டு வியந்தபோதும், நாகரிகமற்றோரின் மிகச் சிறந்த சின்னம் என்ற பொருளில்தான் வியந்தார். புகழும்போதே ஒரு முத்திரை. பெயர்கூடத் தெரியாதவர்களுக்கு முத்திரை குத்துவது எவருக்கும் எளிது போலும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். ஹிஜ்ரி 9 இல் தபூக் நோக்கிச் சென்ற படை, ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்தது. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களின் வசிப்பிடங்களில் அழுதவர்களாக அன்றி நுழைய வேண்டாம் என்று நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். தலையை மூடிக்கொண்டு வாகனத்தை விரைவுபடுத்தினார்கள். அங்குள்ள கிணறுகளின் நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடுமாறும், ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீரருந்திய கிணற்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுமாறும் கட்டளையிட்டார்கள். ஆதாரப்பூர்வமான செய்தி, அதில் நமக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் அந்தக் கட்டளை எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். ஸமூது கூட்டத்தாருக்குத் தூதர் அனுப்பப்பட்டார், அவர்கள் மறுத்தார்கள், அத்தாட்சியாக வந்த ஒட்டகத்தைக் கொன்றார்கள், தண்டனை இறங்கியது என்று இறைவனே அறிவித்தான். அந்த அறிவிப்பின் பேரில்தான் அந்த இடம் தண்டனையின் இடமாயிற்று. கிணறுகளுக்கிடையிலேகூட ஒன்றுக்கும் மற்றதற்கும் வேறுபாடு காட்டப்பட்டது. இனிஷ் மோரின் பெயரற்ற மக்களைப் பற்றி நமக்கு அத்தகைய அறிவிப்பு ஏதேனும் வந்ததா? அவர்களுக்கு எச்சரிப்பவர் வந்தாரா, வந்திருந்தால் என்ன சொன்னார், இவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? ஒவ்வொரு சமுதாயத்திலும் எச்சரிப்பவர் ஒருவர் வராமல் போகவில்லை என்று வேதம் சொல்கிறது. அவர்கள் எல்லோருடைய வரலாறும் நமக்குச் சொல்லப்படவில்லை என்றும் அதுவே சொல்கிறது. அப்படியிருக்க, மேற்கூரை இடிந்த ஒவ்வொரு கட்டடத்தையும் ஹிஜ்ர் ஆக்குவது எச்சரிக்கை உணர்வு அன்று. மறைவானவற்றின் அறிவை நம் கையில் எடுத்துக்கொள்வது அது. கட்டடம் பழையதானால் இடியும். நம் ஊர்களின் பழைய பள்ளிவாசல்களும் இடிந்திருக்கின்றன.

இதே கேள்வியை ஃபிர்அவ்னும் கேட்டான் என்பதை நாம் நினைவில் கொள்வது நல்லது. முந்தைய தலைமுறைகளின் நிலை என்ன என்று அவன் மூஸா (அலை) அவர்களிடம் கேட்டான். விவாதத்தைத் திசைதிருப்ப அது நல்ல வலை. முன்னோரெல்லாம் நரகவாசிகள் என்று அவர்கள் சொல்லியிருந்தால் சபை முழுவதும் கொதித்தெழுந்திருக்கும். மூஸா (அலை) அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த அறிவு தம் இறைவனிடம் ஏட்டில் உள்ளது, அவன் தவறுவதுமில்லை மறப்பதுமில்லை என்று மட்டும் சொல்லி, உடனே பூமியையும் அதன் பாதைகளையும் வானத்திலிருந்து இறங்கும் மழையையும் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். தாஹா அத்தியாயத்தில் வரும் இந்த உரையாடலைப் பல முறை ஓதியிருக்கிறோம். ஃபிர்அவ்னின் சபையில் ஒரு நபி தவிர்த்த தீர்ப்பைச் சுற்றுலாத் தலத்தில் நாம் அரை நிமிடத்தில் வழங்கிவிடுகிறோம்.

மேற்கே இன்னும் சில கிலோமீட்டர் மிதித்தால் 'ஏழு தேவாலயங்கள்' என்னும் இடம் வரும். பெயர்தான் ஏழு, இருப்பவை இரண்டே தேவாலயங்கள். மற்றவை துறவிகள் தங்கிய, வழிப்பயணிகள் தங்கிய கட்டடங்களின் அடித்தளங்கள். இங்கும் கிழக்கே கிலேனியிலும் ஒரு காலத்தில் கிறித்தவத் துறவிகளின் மடங்கள் தழைத்திருந்தன. ஓரிடத்தில் கல்லறைக் கல்லொன்றில் ஏழு ரோமானியர் என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. யார் அந்த எழுவர், உண்மையில் ரோமிலிருந்து வந்தவர்களா? யாருக்கும் தெரியவில்லை. குகைவாசிகளின் எண்ணிக்கையில் மூவர், ஐவர், எழுவர் என்று சண்டையிட்டவர்களைப் பற்றிக் கஹ்ஃப் அத்தியாயம் சொல்வதை வெள்ளிதோறும் ஓதும் நமக்கு அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நிற்கக் காரணம் உண்டு. கிலேனியின் தேவாலயங்கள் மூப்பினால் மட்டும் இடியவில்லை. 1650களில் கிராம்வெல்லின் படையினர் அவற்றின் கற்களைப் பெயர்த்துக் கோட்டை கட்டினார்கள். அந்த இடிபாட்டைப் பார்த்து 'இறைவன் அழித்தான்' என்று சொன்னால், செய்தவர்களின் பாவத்தை யார் கணக்கில் எழுதுகிறோம்?

சாலையோரத்தில் ஆங்காங்கே நான்குபக்கத் தூண்கள் நிற்கின்றன, உச்சியில் சிலுவையுடன். 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் இறந்த தீவுவாசிகளின் நினைவாக அவர்களின் குடும்பத்தார் எழுப்பியவை. கடந்து செல்வோரிடம் பிரார்த்தனை வேண்டும் வாசகங்கள் அவற்றில் உள்ளன. மிதிவண்டியின் வேகத்தில்தான் அவற்றைப் படிக்க முடியும். அவர்கள் கேட்பதை அவர்களின் முறையில் நாம் தர இயலாது. ஆயினும் மரணத்தை நினைவூட்டும் எதுவும் நமக்கு அந்நியம் அன்று. கூரையற்ற வீடுகளும் நிறையவே உண்டு. 1841 இல் மூன்று தீவுகளிலும் சேர்த்து 3500 பேர் அளவில் வாழ்ந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. போனவர்கள் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் பிழைக்கப் போனவர்கள். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆட்களை அனுப்பிவிட்டுப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நாம் நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம். அவற்றைத் தண்டனை என்று நாம் சொல்வதில்லை.

தொழுகையைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். பயணிகளாதலால் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம், கில்மர்வி கடற்கரைக்கு அருகே ஒரு கற்சுவரின் காற்று மறைவில். அந்த மூன்று தீவுகளும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரே வரிசையில் கிடக்கின்றன. அங்கிருந்து கிப்லாவும் ஏறத்தாழ அந்தத் திசையே. எனவே வந்த சாலையை நோக்கித் திரும்பி நின்றால் போதுமாயிருந்தது. அவ்வழியே போன முதியவர் ஒருவர் தொழுகை முடியும்வரை தள்ளி நின்று, பின் அருகில் வந்து ஐரிஷ் மொழியில் முகமன் கூறினார். அந்தத் தீவில் இன்றும் அன்றாடப் பேச்சு அதுதான். 'தியா குவிட்' என்பது அவர்களின் முகமன். இறைவன் உம்மோடு இருப்பானாக என்பது பொருள். பதில் சொல்பவர் அதைவிடச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டுமாம். மர்யம் (அலை) அவர்களின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முகமனுக்கு அதைவிடச் சிறந்ததைக் கொண்டு பதில் சொல்லும் ஒழுங்கு நமக்கும் உண்டு என்றும், எங்கள் சலாமும் ஒரு பிரார்த்தனையே என்றும் சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டு, நாங்கள் சாய்ந்திருந்த சுவர் அவருடைய பாட்டனார் கட்டியது, சாய வேண்டாம் என்றார். நகர்ந்து உட்கார்ந்தோம்.

வீண்விரயம் என்ற சொல்லும் எழுந்ததால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். விடுமுறைக்குப் பெருநகரங்களின் அங்காடிகளுக்குப் பறந்து செல்லும் குடும்பங்களை நாம் கேள்வி கேட்பதில்லை. படகுக் கட்டணமும் இரண்டு நாள் மிதிவண்டி வாடகையும் அதற்கு முன் சிறு தொகை. பிள்ளைகளுக்கு உடல் நோக, காற்று முகத்தில் அறைய, ஓர் இடத்தைத் தம் காலால் அளந்து பார்க்கும் அனுபவம் அதில் கிடைக்கிறது. 'முன்சென்ற சமுதாயம்' என்று பாடத்தில் படித்த சொல்லுக்குக் கையால் தொட ஒரு கல்லும் கிடைக்கிறது. ஒரே நாளில் போய் வருவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். கோட்டையில் செலவிடும் நேரத்தைப் படகின் நேரம் தின்றுவிடும். மதிய நேரத்தில் நாள்பயணிகளின் கூட்டம் மிகுதி. காலையில் முதல் படகுக்கு முன்பும் மாலையிலும் கோட்டை மீண்டும் காற்றுக்கு மட்டுமே உரியதாகிறது. போகும்போது கடலோரத் தாழ்சாலையைத் தேர்ந்தால் ஏற்றம் குறைவு. வழியில் நீர்நாய்கள் அல்ல, கடல்நாய்கள் எனப்படும் சீல்கள் பாறைமேல் படுத்திருப்பதையும் காணலாம். திரும்பும்போது மேட்டுச் சாலையில் வந்தால் டூன் ஓக்லா என்ற இன்னொரு வட்டக் கோட்டை உண்டு. அது தீவின் உச்சிக்கு அருகில் இருப்பதால் மிதிவண்டியை உருட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். கூட்டம் அங்கே வருவதில்லை. மழைச்சட்டை கட்டாயம் வேண்டும். அங்கே குடை உதவாது.

இன்னொன்று. அந்தக் கற்பரப்புகளில் வருவோர் போவோரெல்லாம் தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சிறு கோபுரம் செய்து படம் எடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. விளையாட்டாகத் தோன்றினாலும் அதற்குரிய கற்கள் பழைய சுவர்களிலிருந்தும், சிறு செடிகளுக்கு நிழல் தரும் பிளவுகளிலிருந்துமே எடுக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். வயல் சுவரில் வழி திறந்து உள்ளே போயிருந்தால், வெளியே வந்ததும் அந்த வழியை மூட வேண்டும். பெரிய கற்களை அடியில், சிறியவற்றை மேலே.